கோசோவில் டைவிங்: காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

மால்டாவுக்கு வடமேற்கே உள்ள கோசோ தீவுக்கு டைவிங் விடுமுறை போகிறவர்கள் "திங்கள் ப்ளூ ஹோல், செவ்வாய் இன்லண்ட் சீ" என்று டைவிங் இடங்களுக்கு அட்டவணை போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். அங்கே பெரும்பாலும் படகு கிடையாது. சிலிண்டரை முதுகில் மாட்டி, பாறைமேல் நடந்துபோய் இறங்க வேண்டும். அதனால் எந்தக் கரையில் அலை அடங்கியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. மத்தியதரைக் கடலில் ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) மிகக் குறைவு, கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. காற்றை மட்டும் பாருங்கள்.

அடிக்கடி வீசுவது வடமேற்குக் காற்று. மால்டாக்காரர்கள் அதை மஜ்ஜிஸ்ட்ரால் என்பார்கள். அது பலமாக வீசும் நாளில் மேற்குக் கரையிலுள்ள த்வேய்ராவை மறந்துவிடுங்கள். ப்ளூ ஹோல், இன்லண்ட் சீ இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. அன்றைக்குத் தெற்கே ஷாட் லாஹ்மாருக்குப் போகலாம். டைவர்களுக்காகவே மூழ்கடித்த கப்பல்கள் அங்கே கிடக்கின்றன. தென்கிழக்குக் காற்றென்றால் த்வேய்ரா அமைதியாக இருக்கும். தெற்கிலிருந்து வீசினால் வடகரையின் ரெக்கா முனை. தீவின் நீளமே சுமார் 14 கிலோமீட்டர்தான், காலையில் முடிவை மாற்றினாலும் அரைமணியில் எதிர்க்கரைக்குப் போய்விடலாம். கார் ஓட்டுவதும் நம்மைப் போல இடது பக்கம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: காற்று நின்றாலும் அலை உடனே நிற்காது. முந்தைய நாள் எந்தப் பக்கமிருந்து வீசியது என்றும் பாருங்கள்.

இடத்துக்கு வந்ததும் உடையை மாட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருங்கள். அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கொஞ்சம் ஓயும். குதிப்பதற்கு அந்த ஓய்வுதான் நேரம். அதைவிட முக்கியமானது, ஏறும் வழி. இறங்குவது யாருக்கும் வரும், களைத்துப்போய், கனத்தோடு, வழுக்கும் பாறையில் ஏறுவதுதான் கடினம். எங்கே ஏறுவோம், அங்கே அலை எழுந்தால் அடுத்த வழி எது என்று துணையோடு பேசி முடித்த பிறகே குதியுங்கள். ஏணி இருந்தால் அதைக் கையால் பிடித்த பிறகுதான் ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளை) கழற்ற வேண்டும். திரும்பி நீந்தச் சிலிண்டரில் காற்று மிச்சம் வேண்டும் என்பதால், நானும் என் தங்கையும் சிலிண்டரின் அழுத்தம் 70 பாருக்குக் (பார் என்பது அழுத்த அளவு) கீழே போவதற்கு முன்பே கரைக்கு வந்துவிடுவோம். என் கணவர் டைவ் செய்வதில்லை. இறங்கிய நேரத்தைக் குறித்து வைப்பதும், ஏறும் இடத்தில் அலை எப்படி என்று பார்த்து நிற்பதும் அவர் வேலை. கூட வருபவர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், பெரிய பலம். அவசர எண் 112 என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

காலுக்குக் கனமான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், அதற்கேற்ற பின்பட்டை ஃபின்ஸ் கட்டாயம். வெறுங்காலில் மாட்டும் ஃபின்ஸ் இந்தப் பாறைக்கு ஆகாது. தண்ணீர் பிப்ரவரியில் 15 டிகிரி வரை இறங்கும், ஆகஸ்டில் 26 டிகிரியைத் தாண்டும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எனக்குப் பிடித்த காலம். வெப்பம் இன்னும் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். அப்போது 5 மில்லிமீட்டர் உடை போதும். அந்தமானில் மெல்லிய உடையும் அலுமினிய சிலிண்டருமாகக் கற்றவர்கள், மிதக்காமல் இறங்க இடுப்பில் கட்டும் எடைகளின் பழைய கணக்கை அப்படியே கொண்டுவர வேண்டாம். தடித்த உடை மிதக்கும், இந்தக் கடலில் உப்பும் அதிகம். ஆனால் இங்கே கொடுக்கும் 12 லிட்டர் எஃகு சிலிண்டர் தானே கனம். முதல் டைவ் முடிவில், சிலிண்டர் காலியாகும் நிலையில், 5 மீட்டரில் நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்த்து எடையைச் சரிசெய்யுங்கள்.

ப்ளூ ஹோல் பாறைக்குள் இருக்கும் ஒரு கிணறு போல. உள்ளே இறங்கி, பெரிய வளைவு வழியாக வெளிக்கடலுக்குப் போகலாம். பக்கத்தில் நின்ற அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்தது. அதன் பாறைகள் இப்போது கடலடியில் கிடக்கின்றன, அவையும் நல்ல டைவ். தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதால் ஆழமே உறைக்காது. கண்ணை நம்பாமல், ஆழத்தைக் காட்டும் டைவ் கணினியைப் பாருங்கள், ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்று என்றால் 18 மீட்டர்தான் எல்லை. இன்லண்ட் சீயில் சுமார் 80 மீட்டர் நீளமுள்ள குகைப் பாதை இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் அதே வழியில் போய்வரும். உள்ளே எக்காரணம் கொண்டும் மேலே வராதீர்கள், தரையை ஒட்டியே நீந்துங்கள்.

முள்புழு என்ற செந்நிறப் புழுவைத் தொடக்கூடாது, அதன் மயிர் கையில் ஏறி எரியும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். டைவிங் சான்று அட்டையோடு, அழுத்த அறைச் சிகிச்சையையும் (டைவிங்கால் வரும் அழுத்த நோய்க்கானது) உள்ளடக்கிய காப்பீடு எடுங்கள். அந்தச் சிகிச்சை மால்டாவின் மாட்டர் டேய் மருத்துவமனையில் இருக்கிறது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். நான் முழு ஒரு நாள் விடுவேன். அன்றைக்கு உடைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிட்டு, ஷ்வெய்னியில் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகளைப் பார்க்கப் போகலாம்.