பூவரச இலையும் செம்புக் கம்பியும்: ஒரு முழம் வேட்டியில் செய்து பார்க்கலாம்

சென்னை ரிச்சி தெருவில் பழைய எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகளைக் குவித்து விற்கிறார்களே, அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1730களில் நெசவாளர்களைக் குடியேற்ற உருவான பேட்டை அது. சின்னத் தறிப் பேட்டைதான் அப்படி மருவியது என்பார்கள். இந்த இரண்டு இடங்களையும் ஒரு துணியில் சேர்க்க எனக்கு ஆசை. பூவரச இலையின் நரம்பு எங்கே முடிகிறதோ அங்கே போர்டின் கோடு, செம்புக் கம்பியாக, தொடங்க வேண்டும், அவ்வளவுதான் படம்.

ஒரு வாரம் முன்பே துருப்பிடித்த ஆணிகளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வினிகர் ஊற்றிவிடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும்.

துணிக்கு நைந்த பருத்தி வேட்டியே நல்லது. சோப்புத் தூள் போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள், கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அப்புறம் அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கடுக்காய்த் தூள் (ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும்) கரைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் காயவையுங்கள். முதல் தடவை நான் அலசிவிட்டேன், கறுப்பு வெளிறிப் போயிற்று.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இலையின் அடிப்பக்கத்தில் ஆணித் தண்ணீரைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, மஞ்சளேறிய துணியில் வைத்து அழுத்துங்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த நொடியே நரம்பு நரம்பாகக் கறுக்கும். துணியில் கையால் படம் வரையும் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு இழுப்பதும் இந்தச் சேர்க்கையால்தான், அவர்கள் வினிகருக்குப் பதில் வெல்லத் தண்ணீரில் இரும்பை ஊறவைப்பார்கள். அதிகம் தடவாதீர்கள், இரும்பு நாளடைவில் நூலை அரித்துவிடும். காய்ந்ததும் நன்றாக அலசிவிடுங்கள்.

சரி, கம்பி. வேலை செய்யாத யுஎஸ்பி கேபிளைச் சீவினால் முடி மாதிரி இழைகள் வரும், நாலைந்தைச் சேர்த்து முறுக்குங்கள். ஊசியில் கோத்து இழுத்தால் மடங்கி ஒடியும், அதனால் துணிமேல் கிடத்தி, அரை சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குத் தையலால் பிடித்துக்கொண்டே போங்கள். இலைக் காம்பில் தொடங்கி நேராக ஓட்டுங்கள், திருப்பம் மட்டும் போர்டில் இருப்பதுபோல் 45 டிகிரியில். நுனியைப் பின்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

நம் ஊர்க் கடல் காற்றில் செம்பு மெல்ல மெல்லக் கறுக்கும். நான் அதன்மேல் எதுவும் பூசுவதில்லை.