நூலகத்தில் செயற்கை நுண்ணறிவு: நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வெளிவந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலின் 15 நூல்களுள் 10 நூல்கள் உலகில் எங்குமே இல்லாதவை. ஆசிரியர்கள் உண்மையானவர்கள், தலைப்புகளும் கதைச் சுருக்கங்களும் செயற்கை நுண்ணறிவு புனைந்தவை. இத்தகைய பட்டியலோடு வரும் வாசகரிடம் "எங்களிடம் இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது தவறு, ஏனெனில் அந்த நூல் வேறெங்கோ இருக்கிறது என்று நம்பி அவர் மேலும் அலைவார். சில பெரிய நூலகங்களின் பட்டியல்களில் தேடிப் பார்த்து, அப்படியொரு நூல் எங்கும் பதிவாகவில்லை என்பதைத் தெளிவாகக் கூறி, அவருக்கு உண்மையில் வேண்டிய பொருள் எது என்று கேட்டறிவதே நூலகரின் பணி. இணையத்தில் தென்படாத நூலையெல்லாம் பொய் நூல் என்று முடிவுகட்டுவதும் இதற்கு நிகரான தவறுதான். தமிழில் சிறு அச்சகங்கள் வெளியிட்ட எத்தனையோ நூல்கள் இன்னும் எந்த மின்பட்டியலிலும் ஏறவில்லை.

பழந்தமிழ் நூல்களைப் பட்டியலிடும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, அதன் பதிவை அப்படியே ஏற்பதால் வரும் இழப்பு இன்னும் பெரிது. தலைப்புப் பக்கத்தில் "பிரமோதூத வருடம் பங்குனி மாதம்" என்று மட்டும் அச்சாகியிருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1871, 1931, 1991 ஆகிய மூன்றில் எந்த ஆண்டும் ஆகலாம். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால், பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அச்சகம், தாள், விலை, எழுத்து வடிவம் ஆகியவற்றைப் பார்த்து ஆண்டைத் தீர்மானிக்க நூலைக் கையில் எடுத்தவரால்தான் முடியும். பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு: தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராகக் கொள்ளாமலும், புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் இருவராக்காமலும் பதிவு அமைய வேண்டும். பதிவு தவறான நூல் அலமாரியிலேயே இருந்தும் தொலைந்துபோகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பக்கத்தின் ஒளிப்படத்திலிருந்து எழுத்துகளைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் பழைய அச்சில் தடுமாறுவது இயல்பு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய ணா, றா, னா, லை போன்றவற்றின் வடிவங்கள் வேறு. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்தறிவதும் கடினம். 1872 என்பதைக் குறிக்கும் ௧௮௭௨ என்ற தமிழ் எண்கள் "கஅஎஉ" என்று படிக்கப்படலாம். இந்தப் பிழைகள் பிழைகளாகவே கண்ணில் படுவதால் திருத்திவிடலாம். ஆனால் அவற்றைத் திருத்தும்படி மொழி மாதிரியிடம் (உரையை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவிடம்) கொடுக்கும்போது, அது வழக்கொழிந்த சொல்லை நீக்கி இன்றைய சொல்லைச் சரளமாகப் பொருத்திவிட வாய்ப்புண்டு. படிப்பவருக்கு ஐயமே எழாத இத்தகைய பிழைதான் எனக்கு அச்சம் தருகிறது. ஆகவே பக்கத்தின் ஒளிப்படத்தை ஒருபோதும் அழிக்கக் கூடாது. இயந்திரம் தரும் உரையைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்தி, மேற்கோள் காட்டுவோரை ஒளிப்படத்துக்கே அனுப்ப வேண்டும்.

வாசகர்களின் பெயரும் கடன் வாங்கிய நூல்களின் விவரமும் அடங்கிய பதிவேட்டைப் பொதுவான செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியில் பதிவேற்றி அறிக்கை தயாரிப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

ஒரு நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்கும் கருவி வந்துவிட்டதால் பட்டியலாக்கப் பணியாளர்கள் தேவையில்லை என்று நிர்வாகங்கள் கருதுவது மற்றொரு தவறு. பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்ற திறந்தமூல மென்பொருள், மனிதர்கள் ஏற்கெனவே செய்த பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டே பரிந்துரைக்கிறது. அப்பதிவுகள் குறைவாகவோ தரமற்றோ இருந்தால் பரிந்துரையும் அவ்வாறே அமையும். எந்த விவரம் இயந்திரம் தந்தது என்பதைக் குறிக்க நூற்பதிவுகளைக் கணினியில் எழுத நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 வடிவத்தில் 883 என்ற புலமே உள்ளது. அதை நிரப்பாமல் விட்டால், ஐந்தாண்டு கழித்து ஒரு பிழை தென்படும்போது, அதே வழியில் நுழைந்த மற்றப் பதிவுகளைக் கண்டுபிடிக்க வழியிராது.