திருமணம் செய்யாத பெண் நாற்பதுக்கு மேல் எழுதி வைக்க வேண்டிய காகிதங்கள்

திருமணம் செய்துகொள்ளாமல் நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, உறவினர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியிருக்கும். வங்கியும் ஆஸ்பத்திரியும் கேட்பவை வேறு: நாமினி யார், வாரிசு யார், கூட வந்திருப்பவர் யார்? இந்த மூன்றுக்கும் பெயர் எழுதப்படாத இடத்தில் சட்டம் தானாக ஒரு பெயரை நிரப்பிக்கொள்ளும். அது நீங்கள் நினைத்த பெயராக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எழுதாமல் விட்டால் யாருக்குப் போகும்

இந்துப் பெண்ணுக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொருந்தும். கணவரும் பிள்ளைகளும் இல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து அம்மா, அப்பா இருவருக்கும் போகும். இருவரும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு: அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அவர்களில் முன்பே இறந்தவர்களின் பிள்ளைகள். அப்பா மறுமணம் செய்திருந்தால் சித்தியும் அவர் பிள்ளைகளும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

பெற்றோர் வழியில் வாரிசாக வந்த சொத்துக்குப் பாதை வேறு. அது நேராக அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அதாவது அப்பா இல்லாமல் அம்மா மட்டும் இருந்தால், நீங்கள் வாங்கிய ஃபிளாட் முழுக்க அம்மாவுக்கு வரும். அப்பா விட்டுப்போன மனையில் உங்கள் பங்கை அம்மா உடன்பிறந்தோரோடு பகிர வேண்டியிருக்கும். ஒரே பெண்ணின் இரண்டு சொத்துகள் இரண்டு திசையில் போவது இதனால்தான். இருபது வருடம் ஒன்றாக இருந்த தோழிக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எந்தப் பாதையிலும் ஒரு ரூபாய்கூட வராது.

உயில்

வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, முத்திரைத் தீர்வையும் கிடையாது. கட்டாயமானது ஒன்றே: நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பல உயில்கள் தோற்பது சாட்சியால்தான். எழுபது வயதுப் பெரியவரைச் சாட்சியாகப் பிடித்தால், உயில் கோர்ட்டுக்குப் போகும் நாளில் அவர் இருக்க மாட்டார். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்தவர்களைத் தேர்ந்தெடுங்கள். சொத்துப் பெறப்போகிறவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் பிடி அங்கேதான் கிடைக்கும்.

உள்ளே எழுத வேண்டியவை: வீடு, நிலத்துக்குப் பத்திர எண், சர்வே எண், நான்கு எல்லை, வங்கி, கிளை, கணக்கு எண், நகைக்கு எடையோடு ஒரு பட்டியல். பிறகு இரண்டு வரிகள், பெரும்பாலோர் விட்டுவிடுபவை. ஒன்று, "இதில் சொல்லப்படாத, இனிமேல் எனக்குச் சேரும் சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு." இது இல்லையென்றால் உயிலுக்குப் பிறகு போட்ட வைப்புத்தொகை பழையபடி 15ஆம் பிரிவுக்குப் போய்விடும். மற்றொன்று, "இன்னார் எனக்கு முன் இறந்தால் இன்னாருக்கு." உடன்பிறந்தோர் உங்கள் வயதை ஒட்டியவர்கள் என்பதால் இந்த வரி திருமணமாகாதவருக்கு மிகவும் தேவை. உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

உடன்பிறந்தவரில் ஒருவரை விலக்குவதானால் காரணத்தை ஒரு வரியில், வசையில்லாமல், எழுதுங்கள். அறுபதைத் தாண்டியவர் அதே தேதியில் மருத்துவரிடம் தெளிந்த மனநிலைச் சான்று வாங்கி இணைப்பது நல்லது.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்யச் சொல்வோம். உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். நீங்கள் இருக்கும்வரை அதன் நகலை வேறு யாரும் வாங்க முடியாது, வில்லங்கச் சான்றிலும் அது தெரியாது. எனவே அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று தயங்க வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புதியதில் "இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்" என்ற வரி இருக்கட்டும்.

ஐம்பத்தைந்தில் திருமணம் நடந்துவிட்டால்? நடக்கக் கூடாதா என்ன! இந்துப் பெண்ணின் உயில் திருமணத்தால் ரத்தாவதில்லை. கிறிஸ்தவப் பெண்ணின் உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். முஸ்லிம் பெண், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

நாமினி என்பவர் வாரிசு அல்ல

வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பணத்தை நாமினி கையில் கொடுத்துவிடும். அவர் அதை உண்மையான வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984லேயே சொல்லிவிட்டது. 2015இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது சில நாமினிகளுக்குப் பணம் சொந்தமாகவே சேரும் என்று ஆனது. ஆனால் அந்தச் சலுகை பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும். தங்கையோ தங்கை மகளோ நாமினியாக இருந்தால் கிடையாது. எனவே பாலிசி எண்ணைப் போட்டு அதே பெயரை உயிலிலும் எழுதுங்கள். நாமினி ஒருவர், உயிலில் இன்னொருவர் என்று இருந்தால் குடும்பத்தில் வழக்கு நிச்சயம்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை எளிமையானது: முதல் வேலையில் சேர்ந்தபோது எழுதிய அம்மாவின் பெயர், அம்மா இறந்து பத்து வருடமாகியும் அப்படியே கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேமிப்புக் கணக்கு, வைப்பு, லாக்கர், அஞ்சலகம், மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், பி.எஃப். என எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

பி.எஃப். மட்டும் கொஞ்சம் வம்பு. அதன் விதிப்படி பெண் உறுப்பினரின் 'குடும்பம்' என்பதில் உடன்பிறந்தோர் வரமாட்டார்கள். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் வருவார்கள். அவர்கள் இருக்கும்போது தங்கை பெயரை எழுதினால் நியமனம் செல்லாது. அவர்கள் காலத்துக்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆஸ்பத்திரி

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண் தன் அறுவை சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். கணவரோ அண்ணனோ கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வரவேற்பில் வற்புறுத்தினால் சிகிச்சை தரும் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். ஆனால் அட்டெண்டர் வேண்டும் என்பார்கள். அது நியாயம்தான், மருந்து வாங்கவும் பில் கட்டவும் ஓர் ஆள் தேவை. இரண்டு தோழிகளோடு முன்கூட்டியே முறை பேசி வைப்பது, அவசரத்தில் போன் புத்தகத்தைப் புரட்டுவதைவிட மேல்.

நினைவிழந்த நிலைக்குத் தனிக் காகிதம் உண்டு. மீள முடியாத நோயில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதும் மருத்துவ உயிலை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. அதற்கு வேண்டியவை: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, உங்களுக்காக முடிவெடுப்பவர்களின் பெயர்கள். ஒரு பெயரோடு நிறுத்தாதீர்கள்.

பணத்துக்கு 'பவர்' (அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிந்துவிடும். மறதி நோய் வந்தபின் அது தேவைப்படும் நேரத்தில்தான் செல்லாமல் போகும். நடைமுறைத் தீர்வு: ஆறு மாதச் செலவுக்கான தொகையை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, நம்பகமான ஒருவரோடு 'ஈதர் ஆர் சர்வைவர்' முறையில் (இருவரில் யாரும் தனியாகப் பணம் எடுக்கலாம்) கூட்டாக்குவது. மொத்தச் சேமிப்பையும் அதில் போடக் கூடாது.

மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாக எடுங்கள். அலுவலகப் பாலிசி ஓய்வோடு போய்விடும். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம் என்பதால், ஐம்பத்தைந்துக்குள் தொடங்கிவிட்டால் ஓய்வு பெறும்போது அது கழிந்திருக்கும்.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கலாமா

"எப்படியும் எங்க பையனுக்குத்தானே, இப்பவே செட்டில்மென்ட் பண்ணிடு" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். பத்திரம் பதிவானதும் வீடு அவருடையது. உயில் எழுதுங்கள், செட்டில்மென்ட் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அறுபது முடிந்தபின், "என்னை ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பராமரிக்காதபோது பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தில் வழக்கு பெரும்பாடு. பிள்ளையில்லாத மூத்தவர், தன் சொத்தை அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்புத் தொகை கேட்கவும் இதே சட்டம் வழி தருகிறது.

கேட்டு வாங்க வேண்டியவை

அப்பா அல்லது அம்மா மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், திருமணமாகாத மகளுக்கு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வருமான வரம்பு பார்ப்பார்கள். பெற்றோர் இருக்கும்போதே அவர்களுடைய குடும்ப விவரப் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னால் அலைச்சல்.

தமிழ்நாட்டில் 50 வயதைத் தாண்டிய, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு மாத உதவித்தொகை இருக்கிறது. ஊரில் 'முதிர்கன்னி பென்ஷன்' என்பார்கள். பெயரைப் பார்த்துக் கூசி விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் உண்டு. பெயருக்கு அரசு வெட்கப்படட்டும், நீங்கள் மனுவைக் கொடுங்கள். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். மகளிர் உரிமைத் தொகையிலும் தனித்து வாழும் திருமணமாகாத பெண்ணைக் குடும்பத் தலைவியாக ஏற்கிறார்கள். அதற்குத் தனி ரேஷன் கார்டு வேண்டும். முதலில் அண்ணன் கார்டிலிருந்து பெயர் நீக்கம், பிறகு புதிய விண்ணப்பம். தனிச் சமையல் நடக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள்.

எல்லாம் எழுதியாயிற்றா? உயிலின் ஒரே பிரதியை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் பூட்டாதீர்கள். உயிலைக் காட்டினால் லாக்கரைத் திறப்போம் என்று வங்கி சொல்லும். உயிலோ உள்ளே இருக்கும். அசல் வீட்டு அலமாரியில், நகல் நிறைவேற்றுபவரிடம், எந்தத் தட்டு என்பது தோழிக்கும் தெரிந்திருக்கட்டும்.