பழைய நைல் படகு போட்டோ பாக்கும்போது எல்லாரும் பண்ற தப்புங்க

நைல் நதியில பாய்மரப் படகு நிக்கிற 19ஆம் நூற்றாண்டு போட்டோன்னா எனக்கு ஒரு கிறுக்கு. முதல்ல என் தப்பையே சொல்லிடறேன், அசல் பிரிண்ட்னு நம்பி நல்ல காசு குடுத்து ஒண்ணு வாங்கினேன், வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் பாத்தா பாய் முழுக்க அச்சடிச்ச படத்துல வர்ற குட்டிக்குட்டி புள்ளி, ஏதோ புக்ல இருந்து வெட்டின பக்கம்! அசல் ஆல்புமன் பிரிண்ட்ல, அதான் முட்டை வெள்ளைக்கரு பூசின பேப்பர்ல, புள்ளியே இருக்காது. பேப்பரும் ரொம்ப மெல்லிசு, அதனால அட்டையில ஒட்டித்தான் வச்சிருப்பாங்க.

அடுத்த தப்பு, எல்லா படகும் பாயைச் சுருட்டிட்டு கரையிலயே நிக்குதே, அப்போ படகே ஓடலயான்னு நினைக்கிறது. 1851ல வந்த ஈரக் கொலோடியன் முறையில கண்ணாடியில கொலோடியன்ங்கிற பிசுபிசுப்பான திரவத்தை ஊத்தி, சில்வர் நைட்ரேட்ல முக்கி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து டெவலப்பும் பண்ணி முடிச்சாகணும், இங்கிலாந்து போட்டோகிராஃபர் பிரான்சிஸ் ஃபிரித் 1850கள் கடைசியில நைல்ல 16க்கு 20 இஞ்ச் கண்ணாடி வரைக்கும் வச்சுக்கிட்டு இந்தப் பாடு பட்டாரு, கூடாரத்து சூட்டுல கொலோடியன் கொதிச்சே போச்சாம். பெரிய கண்ணாடிக்கு எக்ஸ்போஷரும் பல செகண்ட் ஆகும், ஓடற படகு கலங்கிடும், அதான் நிக்கிற படகையே புடிச்சாங்க. உத்துப் பாருங்க, படகு கத்தி மாதிரி ஷார்ப்பா இருக்கும், மேல கொடி மட்டும் புகை மாதிரி கரைஞ்சிருக்கும். ரெண்டு லென்ஸ் வச்ச சின்ன ஸ்டீரியோ கேமராவுல கொஞ்சம் வேகமா எடுக்க முடிஞ்சுது, 1880கள்ல, முன்னாடியே பூசிக் காய வச்ச, வேகமா படம் பதியற உலர் பிளேட் பரவின அப்புறம்தான் பாய் விரிச்சு ஓடறது சகஜமா கிடைக்குது.

வானம் வெள்ளையா இருக்கா? பனிமூட்டம்னு கேப்ஷன் போட்டுடாதீங்க, அந்த பிளேட்டுக்கு நீலம் ஓவரா பதியும், அதனால நீல வானம் பிரிண்ட்ல வெளுத்துடும், அவ்ளோதான்.

பெரிய பாய் இல்லாத தஹபியாவை, அதான் பயணிங்க தங்கிப் போற பெரிய நைல் படகை, உடைஞ்ச படகுன்னும் எழுதிடாதீங்க. வடக்குக் காத்துல பாய் விரிச்சு தெற்கே மேலே போவாங்க, திரும்பி வரும்போது பாய் கட்டின நீளக் கம்பத்தையே இறக்கிட்டு நீரோட்டத்துல துடுப்பு போட்டு வருவாங்க. அப்புறம் எல்லாத்தையும் ஃபெலூக்கான்னு, அதான் கேபின் இல்லாத சின்னப் பாய்மரப் படகுன்னு, சொல்றது... பின்பக்கம் வீடு மாதிரி கேபின், முன்னாடி பெரிய பாய், பின்னாடி குட்டிப் பாய் இருந்தா அது தஹபியாங்க.

பியாட்டோன்னு கையெழுத்து பாத்ததும் லக்னோ, ஜப்பான் படம் எடுத்த ஃபெலிச்சேன்னு குதிக்காதீங்க, எகிப்து லக்சர்ல ஸ்டூடியோ வச்சிருந்தது அவரோட சகோதரர் அந்தோனியோ.