புரோபயாட்டிக் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்க

போன மாசம் என் பொண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச மூணாவது நாளே வயித்தால போச்சு. புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது பண்ற உயிருள்ள கிருமி, வாங்கப் போனா மெடிக்கல் ஷாப்புல ரெண்டு டப்பாவை எடுத்து வெச்சு "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, எதை வேணா எடுத்துக்கோங்க"ன்னாங்க. திருப்பிப் பார்த்தா ஒண்ணு மருந்து, இன்னொண்ணு சட்டப்படி உணவு!

முதல்ல பின்பக்கம் லைசென்ஸைப் பாருங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க நம்பரும் இருந்தா அது உணவு, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கும், இந்த நோயைக் குணமாக்கும்னு அதுல எழுத அனுமதியே கிடையாது. மருந்துன்னா மருந்து தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கும்.

அடுத்தது உள்ள இருக்கற கிருமியோட பேரு, இதுலதான் நிறைய பேர் ஏமாந்துடறோம். வெறும் லாக்டோபேசிலஸ்னு போட்டிருந்தா பத்தவே பத்தாது, லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜின்னு கடைசில ஸ்ட்ரெயின் (ஒரே இனத்துக்குள்ள தனி வகை) குறியீடு வரைக்கும் இருக்கணும், ஏன்னா ஜிஜியை வெச்சுப் பண்ண ஆராய்ச்சி ஜிஜிக்குத்தான் செல்லும், அதோட பங்காளிக்குச் செல்லாது. (2020ல பேரை லாக்டிகேசிபேசிலஸ்னு மாத்திட்டாங்க, ரெண்டு பேர்லயும் வருது, குழம்பிடாதீங்க.)

எண்ணிக்கை சிஎஃப்யூன்னு இருக்கும், உயிரோட வளரக்கூடிய கிருமி எத்தனைங்கற கணக்கு அது. உணவா விக்கறதுல ஒரு நாள் அளவுக்குக் குறைஞ்சது 10 கோடி உயிரோட இருக்கணும்ங்கறது நம்ம நாட்டு விதி. அந்த நம்பர் தயாரிச்ச அன்னிக்குள்ளதா, எக்ஸ்பயரி வரைக்குமான்னு பாருங்க, அலமாரில இருக்க இருக்க செத்துக்கிட்டே வரும்.

பேசிலஸ் கிளாசிங்கற பாக்டீரியா ஸ்போரா (கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கற நிலைல) இருக்கறதால ஃப்ரிட்ஜ் இல்லாம வெளியிலயே தாங்கும். அஞ்சு மில்லி பிளாஸ்டிக் குப்பில 200 கோடி ஸ்போர், பாக்க ஊசி மருந்து மாதிரியே இருக்கும் ஆனா குடிக்கறதுக்கு மட்டுந்தான், நல்லா குலுக்கிட்டு மூடியைத் திருகி எடுத்துக் கொடுங்க. எதையுமே சூடான பால்ல கலக்காதீங்க. சாக்கரோமைசஸ் பவுலார்டிங்கறது பாக்டீரியா இல்ல, ஈஸ்ட்டுங்கறதால ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது, மத்ததுக்கு ஆன்டிபயாட்டிக்கோட இடைவெளி எவ்வளவுன்னு டாக்டரைக் கேளுங்க.

வீட்டுத் தயிர்? தாராளமா சாப்பிடுங்க, ஆனா உறை ஊத்தற மோர்ல என்ன ஸ்ட்ரெயின், எத்தனைன்னு யாருக்கும் தெரியாதே, அதனால அதை புரோபயாட்டிக்னு சொல்ல முடியாது.

குறைமாசக் குழந்தைக்கு நீங்களா கொடுக்கவே கொடுக்காதீங்க, அந்தக் கிருமியே ரத்தத்துல கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம்னு 2023ல அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கும் அதேதான்.

குழந்தைக்கு வயித்தால போனா முதல்ல ஓஆர்எஸ், கூட டாக்டர் சொல்ற அளவுல 10லேருந்து 14 நாள் ஜிங்க், புரோபயாட்டிக்லாம் அதுக்கு அப்புறம்தான்.