‘ஹிஸ் கேர்ல் ஃபிரைடே’ படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி?

1940-ல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரசலும் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று மூடி வைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நல்ல பிரதி தேடுங்கள். அமெரிக்காவில் இதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் கண்டவர்களும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் வெளிறிய படமும் கரகரத்த ஒலியும்தான். இதில் வசனம் தெளிவாகக் கேட்கவில்லையென்றால் படமே போச்சு. புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.

2. கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. வால்டர் (கேரி கிராண்ட்) ஒரு பத்திரிகை ஆசிரியர். ஹில்டி (ரோசலிண்ட் ரசல்) அவனுடைய முன்னாள் மனைவி, அவனிடம் வேலை பார்த்த கெட்டிக்கார நிருபர். இப்போது ப்ரூஸ் என்ற இன்சூரன்ஸ்காரரைக் கட்டிக்கொண்டு ஆல்பனிக்குப் போகப்போகிறாள். தூக்குக் கயிறுக்குக் காத்திருக்கும் ஏர்ல் வில்லியம்ஸைப் பற்றி ஒரே ஒரு செய்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று வால்டர் அவளை இழுத்துப் பிடிக்கிறான். 1928-ல் மேடையேறிய மூல நாடகத்தில் ஹில்டி ஓர் ஆண். அதைப் பெண்ணாக மாற்றியதில்தான் இந்தப் படமே பிறந்தது என்பேன்.

3. இப்போது சப்டைட்டிலை அணைத்துவிட்டு முதல் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார், பயப்பட வேண்டாம். வாக்கியத்தின் தலையிலும் வாலிலும் தேவையில்லாத வார்த்தைகளை வைத்துத்தான் வசனம் எழுத வைத்ததாக ஹாக்ஸே சொல்லியிருக்கிறார், அதனால் நடுவில் இருப்பது காதில் விழுந்தால் போதும். மிச்ச கவனத்தைக் கைகளுக்குக் கொடுங்கள். வால்டரின் அறையில் ஹில்டி கைப்பையைத் தூக்கி அவன் தலையைப் பார்த்து வீசுவாள், அவன் சட்டென்று குனிந்துகொண்டு, முன்னெல்லாம் உன் குறி இதைவிட நன்றாக இருக்குமே என்பான், சண்டை எந்த இடத்திலும் நிற்காமல் அப்படியே ஓடும். இவர்கள் இன்னும் பிரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளியே பாவம் ப்ரூஸ், குடையோடு உட்கார்ந்திருப்பான்.

4. அப்புறம் சிறையில் ஹில்டி வில்லியம்ஸைப் பேட்டி எடுக்கும் இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அவ்வளவு வேகமான படம் இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அவள் அவனிடம் பரிவாகத்தான் பேசுகிறாள், ஆனால் அவன் ஏன் குற்றம் செய்தான் என்று தன் செய்திக்கு வேண்டிய காரணத்தையும் அவன் வாயிலேயே வைத்துவிடுகிறாள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும். தேர்தல் நெருங்குகிறது என்பதற்காக மேயர் தண்டனை நிறுத்த ஆணையையே மறைக்கப் பார்ப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், இது வெறும் காதல் காமெடி இல்லை.

5. கடைசியாக ஓரத்து நகைச்சுவைகள். ப்ரூஸ் எப்படி இருப்பான் என்று கேட்டால், சினிமாவில் வருவாரே ரால்ஃப் பெல்லமி, அவர் மாதிரி என்பான் வால்டர். ப்ரூஸாக நடிப்பவரே அவர்தான். இன்னோர் இடத்தில் வால்டர் ஆர்ச்சி லீச் என்று ஒரு பெயரைச் சொல்லி மிரட்டுவான், அது கேரி கிராண்டின் சொந்தப் பெயர். இரண்டுமே கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அந்த நேரத்தில் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.