பட்டம் வேற, பட்டா வேற: ஒரு இங்கிலீஷ் ஏர்ல் பதவி வந்த கதையையும் போன கதையையும் தேடுறது எப்படி

நம்ம கும்மாணம் பக்கம் ஒரு மா நிலம் வாங்கணும்னாலும் யாரும் நேரா அட்வான்ஸ நீட்ட மாட்டாங்க, மூலப்பத்திரம் எங்க, வில்லங்கம் போட்டாச்சான்னுதான் கேப்பாங்க. அதே சந்தேகபுத்தியோட மத்தியகால இங்கிலாந்து பக்கம் போனா போதும். நான் எடுத்துக்கிட்ட கேஸ் ஆண்ட்ரூ ஹார்க்ளே, கார்லைல் ஏர்ல் (ஏர்ல்னா ராஜா குடுக்குற பெரிய பிரபு பட்டம், கார்லைல் ஊர்ப் பேரு), பதவி ஒரு வருஷம்கூட முழுசா நிலைக்கல.

மொத கேள்வி, எதுக்குக் குடுத்தாங்க? 1322 மார்ச் 16, பரோபிரிட்ஜ் பாலத்த ஹார்க்ளே மறிச்சு நிக்கிறாரு, எதிர்ல கலகம் பண்ணிக்கிட்டு வந்த, ராஜா ரெண்டாம் எட்வர்டோட சித்தப்பா மகன் தாமஸ், அந்தாளு ஒருத்தரே அஞ்சு ஏர்ல் பட்டம் வச்சிருந்தவரு, தோத்து மாட்டி 22ஆம் தேதி தலை போச்சு. 25ஆம் தேதி ஹார்க்ளே ஏர்ல். சூடு ஆறுறதுக்குள்ள இனாம்!

அடுத்து என்ன குடுத்தாங்கன்னு ரெண்டு கணக்கா எழுதிக்குங்க, இதுலதான் எல்லாரும் வழுக்குறாங்க. பட்டம்ங்கறது ராஜா இடுப்புல வாள் கட்டிவிட்டு சாசனம் தர்றது. ஆனா அந்தஸ்துக்குத் தகுந்த வருமானம் வேணும்ல, அதுக்கு வருஷம் 1,000 மார்க் வர்ற மாதிரி நிலம். மார்க்னா நாணயம்னு நெனச்சுடாதீங்க, அது வெறும் கணக்குத் தொகை, பவுண்டுல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 13 ஷில்லிங் 4 பென்ஸ். நம்ம ஊருல பேருக்குப் பின்னால ‘மூவேந்தவேளான்’னு சோழர் காலப் பட்டம் வந்தாலே எவ்ளோ வேலி வச்சிருந்தாருன்னு தெரிஞ்சுடாதில்ல, அதே மாதிரிதான்.

இப்ப தேதி. நான் ஒரு ராத்திரி பூரா முட்டிக்கிட்ட இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. அங்க அப்போ புதுவருஷம் மார்ச் 25லதான் பொறக்கும், அதனால ஹார்க்ளே ஏர்ல் ஆனது 1322, தூக்குல போட்டது 1323 மார்ச் 3, ஆனா பழைய கணக்குல அதுவும் 1322தான்! அரசாங்க ரோல்கள்ல (சுருள் சுருளா எழுதி வச்ச பதிவேடு) இந்த வருஷமே இருக்காது, ‘எட்வர்ட் யாண்டு 15’ன்னு நம்ம கோயில் கல்வெட்டு மாதிரிதான் இருக்கும். அவரோட ஆட்சி 1307 ஜூலை 8லேருந்து எண்ணணும், அப்படிப் பாத்தா பட்டம் வந்தது 15ஆம் யாண்டு, போனது 16.

எப்படிப் போச்சு? 1323 ஜனவரில ராஜாவக் கேக்காம, இங்கிலாந்தோட சண்டையில இருந்த ஸ்காட்லாந்துத் தலைவர் ராபர்ட் புரூஸோட ஒப்பந்தம் போட்டாரு, அதுல புரூஸ ஸ்காட்லாந்து ராஜான்னே ஏத்துக்கிட்டாரு. பிப்ரவரி 25 கைது. வாதாட விடல, தீர்ப்பு முன்னாடியே ரெடி. வாளை உருவி, குதிமுள்ள வெட்டி, பட்டத்த உரிச்சாங்க, அப்புறம்தான் உசுரு. கொடுமை என்னன்னா அதே வருஷம் மே மாசம் ராஜாவே ஸ்காட்லாந்தோட 13 வருஷப் போர்நிறுத்தம் போட்டுக்கிட்டாரு (புரூஸ ராஜான்னு மட்டும் ஒத்துக்கல).

இங்க ஒரு சட்ட வித்தியாசம் இருக்கு. வாரிசு இல்லாம செத்தா நிலம் மேல இருக்குற பிரபுகிட்ட திரும்பும். சாதாரணப் பெருங்குற்றம்னா ராஜா ஒரு வருஷம் ஒரு நாள் அனுபவிச்சுட்டு பிரபுக்கு விட்டுடுவாரு. ராஜத்துரோகம்னா நேரா ராஜாவுக்கே, வாரிசுக்கும் நாமம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கல்வெட்டு பாத்திருக்கீங்களா, ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்க நிலத்தோட அவங்க சொந்தக்காரங்க நிலத்தையும் பறிக்கச் சொல்லி ராஜராஜன் சபைக்கு உத்தரவு போட்டது? அந்தத் துரோகிங்கள்ல ஒருத்தனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன்னு பட்டம் இருந்தும் ஒண்ணும் காப்பாத்தல.

பறிபோனதோட ஃபைல மூடிடாதீங்க, திருப்பிக் குடுத்தாங்களான்னும் பாக்கணும். நார்தம்பர்லாந்து பெர்சி குடும்பம் 1406ல இழந்த ஏர்ல் பட்டத்த 1416ல பேரன் வாங்கிட்டான். கார்லைல்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, 1622ல அதே பேருல வந்த ஏர்ல் வேற வம்சம், அத இதோட சேத்து ஒட்டிடாதீங்க. கடைசியா மனுக்களையும் ஒரு தடவ பொரட்டுங்க. ஹார்க்ளேவ துண்டு போட்டு ஊர் ஊரா தொங்கவிட்டிருந்தாங்க, 1328ல அவரு கூடப்பொறந்தவ மனு போட்டது நிலத்துக்கு இல்ல, அந்த எலும்பப் பொறுக்கிப் புதைக்க. அதுக்கு அனுமதி கெடச்சுது.